செடான்களை ஃபோர்டு கைவிட்டது ஏன்: பேரேட்டைப் புரட்டிப் பார்த்தால்

தேவகோட்டை நண்பர் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது: ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில், பின்னால் தனி டிக்கி வைத்த தாழ்வான செடான் கார்களை அடியோடு நிறுத்திவிட்டு உயரமான, பெரிய வண்டிகளையே விற்கிறதே, அது ஏன், அந்த முடிவு சரிதானா? நம் நாட்டிலும் அதே நிலை வருமென்றால், அப்பச்சியும் ஆத்தாளும் பன்னிரண்டு ஆண்டுகளாக வைத்திருக்கும் செடானை விலை போகும்போதே கொடுத்துவிட்டு எஸ்யூவி ஒன்று வாங்கிவிடலாமா? சென்னையில் வாகன உதிரிபாகத் தொழிலில் முப்பது ஆண்டுகள் இருந்துவிட்டு இப்போது காரைக்குடியில் இருப்பவன் நான். எனக்குத் தெரிந்தவரையில் சொல்கிறேன்.

முதலில் நடந்தது என்னவென்று பார்த்துவிடுவோம். 2018 ஏப்ரலில், ஜிம் ஹேக்கெட் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தபோது, வட அமெரிக்காவில் ஃபியஸ்டா, ஃபோகஸ், ஃப்யூஷன், டாரஸ் ஆகிய கார்களுக்கு அடுத்த தலைமுறை கிடையாது என்று ஃபோர்டு அறிவித்தது. மஸ்டாங் என்ற ஸ்போர்ட்ஸ் காரும், தரையிலிருந்து சற்று உயர்த்திய ஃபோகஸ் ஆக்டிவ் என்ற ஒரு வகையும் மட்டும் தொடரும் என்றார்கள். ஃபோகஸ் ஆக்டிவ் சீனாவில் தயாராகி வருவதாக இருந்தது. சீனப் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்த புதிய வரியால் அந்தத் திட்டமும் அதே ஆண்டு ஆகஸ்டில் கைவிடப்பட்டது. 2019 மார்ச்சில் கடைசி டாரஸும் 2020 ஜூலையில் கடைசி ஃப்யூஷனும் ஆலையை விட்டு வெளியே வந்தன. ஃபோர்டு இதைத் தனியாகச் செய்யவில்லை. ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 2016-லேயே டாட்ஜ் டார்ட், கிரைஸ்லர் 200 இரண்டையும் நிறுத்தும் முடிவுக்கு வந்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2018 நவம்பரில் தன் செடான்களில் பலவற்றை நிறுத்துவதாகச் சொன்னது. எஞ்சியிருந்த செவர்லே மாலிபு செடானும் 2024 நவம்பரோடு முடிந்தது.

மக்களின் ரசனை மாறிவிட்டது என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. நம் பக்கத்துப் பழைய வட்டிக்கடைப் பேரேடுகளில் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியே பற்று வரவு எழுதி, ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுத்துப் பார்ப்பார்கள் அல்லவா? அதுபோல ஒவ்வொரு வண்டிக்கும் தனி ஏடு ஒன்று வைத்துப் பார்த்தால்தான் இந்த முடிவு விளங்கும். ஒரு காரின் செலவில் பெரும்பகுதி அதன் அடித்தளம், எஞ்சின், கியர்பெட்டி, ஸ்டியரிங், பிரேக், மின்னணுச் சாதனங்கள் ஆகியவற்றுக்கே போகிறது. இவற்றை ஒருமுறை வடிவமைத்துவிட்டால், அதன் மேல் தாழ்வான உடலையும் பொருத்தலாம், உயரமான உடலையும் பொருத்தலாம். சென்னை மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டின் அடித்தளம் ஃபியஸ்டாவுடையது. அமெரிக்காவில் எஸ்கேப் என்ற எஸ்யூவி ஃபோகஸின் அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்டது. கூரையை நான்கு விரற்கடை உயர்த்தவும், சக்கரத்தைச் சற்றுப் பெரிதாக்கவும், கீழ் விளிம்பில் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை ஒட்டவும் ஆகும் கூடுதல் செலவைவிட, வாங்குபவர் மனமுவந்து தரும் கூடுதல் விலை மிக அதிகம். இடையில் நிற்கும் தொகைதான் லாபம். செடானின் ஏட்டில் இந்த இடைவெளி கிடையாது. அங்கே டொயோட்டா கேம்ரி, ஹோண்டா அக்கார்டு போன்றவற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்ததால், தள்ளுபடி கொடுத்தும் வாடகைக் கார் நிறுவனங்களுக்கு மொத்தமாகத் தள்ளியும் எண்ணிக்கையைக் காப்பாற்றிவந்தார்கள்.

அதே நிறுவனத்தின் மற்றோர் ஏட்டில் பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள எஃப் வரிசைப் பிக்கப் வண்டிகள் இருந்தன. 1977 முதல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் பிக்கப் அதுதான், லாபத்தில் பெரும்பங்கும் அங்கிருந்தே வருகிறது. அந்த லாபத்துக்கு ஒரு வேலியும் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியை ஏற்றின. அதற்குப் பதிலடியாக அமெரிக்கா 1964-ல் சில பொருள்களுக்கு 25 சதவீத இறக்குமதி வரி போட்டது, அவற்றில் சிறிய சரக்கு வண்டிகளும் அடங்கின. மற்றப் பொருள்களின் மீதான வரி பிற்பாடு நீங்கிவிட்டது, வண்டி மீதான வரி மட்டும் நின்றுவிட்டது. அங்கே அதை இன்றும் கோழி வரி என்றே சொல்கிறார்கள். காரில் ஜப்பானியரோடு நேருக்கு நேர் மோத வேண்டியிருந்த டெட்ராய்ட் (அமெரிக்கக் கார் தொழிலின் தலைநகர்) நிறுவனங்களுக்குப் பிக்கப்பில் மட்டும் அரை நூற்றாண்டுக்கு மேல் இப்படியொரு மறைப்புக் கிடைத்தது. லாபம் வரும் பக்கம் மூலதனம் சாய்ந்ததில் வியப்பில்லை.

எரிபொருள் சிக்கன விதிகளும் இதே பக்கமே தள்ளின. அமெரிக்க விதிகள் கார்களுக்கு ஓர் அளவும், இலகுரக சரக்கு வண்டிகள் என்ற பிரிவுக்கு அதைவிடத் தளர்வான ஓர் அளவும் வைத்திருக்கின்றன. நான்கு சக்கர இயக்கமும் போதிய தரை இடைவெளியும் கொண்ட எஸ்யூவி, குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் வண்டியாகவே இருந்தாலும், சரக்கு வண்டிப் பிரிவிலேயே எண்ணப்படும். போதாததற்கு, 2011-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து இலக்கு என்பது வண்டியின் நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பைப் பொறுத்தே அமைகிறது. பரப்பு பெரிதானால் இலக்கு இளகும். சிறிய, தாழ்வான, சிக்கனமான காரைச் செய்பவருக்குத்தான் கடுமையான தேர்வு வைக்கப்பட்டது என்றால் நம்புவது கடினம், ஆனால் விதியின் அமைப்பு அதுதான்.

ஃபோர்டின் வரலாற்றில் ஒரு திருப்பத்தையும் சொல்ல வேண்டும். 2008-ல் கச்சா எண்ணெய் பீப்பாய் ஒன்று 147 டாலரைத் தொட்டபோது, பெரிய வண்டிகளை நம்பியிருந்த டெட்ராய்ட் ஆட்டம் கண்டது. மறு ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் சட்டத்தின் பாதுகாப்பைத் தேடின. ஆலன் முலாலி தலைமையில் ஃபோர்டு மட்டும் தப்பியது. அந்த அனுபவத்தின் பிறகுதான் ஐரோப்பாவில் நல்ல பெயர் பெற்ற ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து பெரிதாக முதலிட்டார்கள். ஆனால் அவற்றில் வைத்த இரட்டைக் கிளட்ச் தானியங்கிக் கியர்பெட்டி அதிர்வும் இழுவையுமாகப் புகார்களைக் குவித்தது, வாடிக்கையாளர்களின் கூட்டு வழக்கு வரை போயிற்று. 2014-க்குப் பிறகு எண்ணெய் விலையும் சரிந்தது. ஆக, எண்ணெய் விலை ஏறியபோது எடுத்த முடிவை அது இறங்கியதும் மாற்றிக்கொண்டார்கள் என்று கொள்ளலாம். 2018-ல் நிறுவனம் தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு 2020-க்குள் 8 சதவீத லாப விகிதம். அந்தக் கணக்கில் செடானுக்கு இடம் கிடைக்கவில்லை.

சரியான முடிவா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆலைகளை எடுத்துக்கொண்டால், சரியென்றே சொல்ல வேண்டும். மிச்சிகன் மாநிலத்தின் வெய்ன் நகரில் ஃபோகஸ் செய்துகொண்டிருந்த ஆலையில் இப்போது ரேஞ்சர் பிக்கப்பும் பிராங்கோ எஸ்யூவியும் தயாராகின்றன. மெக்சிகோவின் எர்மோசியோ நகரில் ஃப்யூஷன் செய்த ஆலையில் பிராங்கோ ஸ்போர்ட்டும் மேவரிக் என்ற சிறிய பிக்கப்பும் தயாராகின்றன. இவற்றில் மேவரிக்கின் கதை வேடிக்கையானது. 2021-ல் பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்த ஹைப்ரிட் எஞ்சினோடு, 20,000 டாலருக்குச் சற்றே குறைந்த தொடக்க விலையில் அது வந்தபோது தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறினார்கள். குறைந்த விலைக்குச் சிக்கனமான வண்டி தேடுபவர்கள் எங்கும் போய்விடவில்லை, அவர்களுக்கு விற்க ஃபோர்டிடம்தான் வேறொன்றும் இல்லாமல் போயிருந்தது என்பதை ஃபோர்டின் வண்டியே காட்டிக்கொடுத்தது. பிறகு மேவரிக்கின் விலையும் படிப்படியாக ஏறிவிட்டது. டொயோட்டாவோ கேம்ரியை விடவில்லை. 2025-ஆம் ஆண்டு மாடலிலிருந்து அதை முழுக்க ஹைப்ரிடாக்கி விற்கிறது. முதல் சம்பளத்தில் சிறிய கார் வாங்கும் இளைஞர் பத்தாண்டு கழித்துப் பெரிய வண்டி வாங்கும்போது பழகிய ஷோரூமுக்கே போகிறார். அந்த முதல் படியை இடித்துவிட்டு மாடியில் மட்டும் கடை வைத்தது, ஐந்தொகைக்கு உடனே தெரியாத ஒரு நஷ்டம் என்பது என் கருத்து.

இனி நம் நாடு. ஃபோர்டு இங்கே 1990-களின் நடுவில் மகிந்திராவோடு கூட்டாக எஸ்கார்ட் செடானில் தொடங்கி, 1999-ல் இந்தியாவுக்கென்றே ஃபியஸ்டாவின் அடித்தளத்தில் ஐகான் என்ற செடானைக் கொண்டுவந்தது. காரைக்குடி, புதுக்கோட்டைப் பக்கம் ஐகானை ஆசையோடு ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். 2013-ல் வந்த ஈகோஸ்போர்ட், நான்கு மீட்டருக்குள் அடங்கிய எஸ்யூவி என்ற வகைக்கு இங்கே பெரிய சந்தை உண்டு என்பதைக் காட்டியது, அந்தச் சந்தையைப் பிறகு மற்றவர்கள் அறுவடை செய்தார்கள். பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் செயல்பாட்டு நஷ்டம் என்று கூறி 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது, மறைமலை நகர் ஆலையில் உற்பத்தி 2022-ல் முடிந்தது. அந்த வளாகத்தில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் 2029 முதல் எஞ்சின் தயாரிப்பதற்குத் தமிழக அரசோடு 2025 அக்டோபரில் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். எங்களைப் போன்ற உதிரிபாகக்காரர்களுக்கு அது நல்ல செய்திதான், ஆனால் கார் வேறு, எஞ்சின் வேறு.

இங்கே செடானின் தலையெழுத்தை வரி எழுதியது என்றே சொல்லலாம். 2006 மத்திய பட்ஜெட்டில், நான்கு மீட்டருக்குள்ளும் பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசி, டீசல் எஞ்சின் 1,500 சிசி என்ற வரம்புக்குள்ளும் அடங்கிய கார்களுக்குக் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. அதன் விளைவாக 2008-ல் டாடா இண்டிகோவின் வாலை வெட்டிச் சிறிதாக்கினார்கள், 2012-ல் மாருதி டிசையரின் டிக்கியையும் அப்படியே சுருக்கினார்கள். பார்ப்பதற்குக் கூரைவீட்டின் பின்பக்கம் பாதியில் நின்ற மாதிரி இருந்தாலும், விலையைப் பார்த்து ஜனங்கள் மன்னித்துவிட்டார்கள். டிசையர், ஆரா, அமேஸ் போன்ற குட்டிச் செடான்கள் இன்றும் உயிரோடு இருப்பதற்கு அந்த வரிக்கோடும் வாடகைக் கார் தொழிலும்தான் காரணம்.

அடிபட்டது நடுத்தரச் செடான்தான். கொரோலா, சிவிக், எலான்ட்ரா, யாரிஸ் எல்லாம் 2020 முதல் 2022-க்குள் இந்தியச் சந்தையை விட்டுப் போயின. மாருதி சியாஸ் 2025-ல் நின்றது. 2024-25 நிதியாண்டில் நாட்டில் விற்ற ஏறத்தாழ 43 லட்சம் பயணியர் வாகனங்களில் சுமார் 65 சதவீதம் எஸ்யூவிகளும் எர்டிகா, இன்னோவா போன்ற பலபேர் வண்டிகளும் அடங்கிய பயன்பாட்டு வாகனப் பிரிவைச் சேர்ந்தவை. ஜிஎஸ்டி மாற்றம் இதை மேலும் ஒரு பக்கமாகச் சாய்த்திருக்கிறது. முன்பு செஸ் உட்பட நடுத்தரச் செடானுக்கு 45 சதவீதம், பெரிய எஸ்யூவிக்கு 50 சதவீதம் என்று ஐந்து புள்ளி வித்தியாசம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 சதவீதம், மற்றப் பெட்ரோல், டீசல் கார்களுக்கெல்லாம் 40 சதவீதம். அதாவது ஹோண்டா சிட்டிக்கும் பெரிய ஸ்கார்ப்பியோவுக்கும் இப்போது ஒரே வரி. வரி இறங்கியதில் மகிழ்ந்தவர்கள் பலர், நடுத்தரச் செடானுக்கு இருந்த சிறு சலுகை அதோடு போனதைக் கவனித்தவர்கள் சிலர்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ரசனை என்ற அந்த மற்றப் பாதியையும் பார்க்க வேண்டும். அதற்குச் செட்டிநாட்டைவிட நல்ல இடம் இல்லை. நம் பக்கத்தில் இரண்டு தலைமுறை ஓடியது அம்பாசடர். அதன் நீளம் 4.325 மீட்டர், உயரம் ஏறத்தாழ 1.59 மீட்டர். இன்றைய ஹூண்டாய் கிரெட்டாவின் நீளம் 4.33 மீட்டர், உயரம் 1.635 மீட்டர். நீளத்தில் ஐந்து மில்லிமீட்டர், உயரத்தில் மூன்று விரற்கடைக்கும் குறைவான வித்தியாசம். ஆனால் சிட்டியின் உயரம் 1.49 மீட்டர்தான். வேட்டியை மடித்துக் கட்டாமல் ஏறவும், தலைப்பாகை இடிக்காமல் உட்காரவும், பின்னிருக்கையில் ஆச்சிமார் மூவர் மடியில் பலகாரத் தூக்கோடு அமரவும் இடம் கொடுத்த அம்பாசடர் பெயரளவில்தான் செடான். இருக்கையின் உயரத்தில் அது இன்றைய எஸ்யூவிக்கு உறவுக்காரன். 1990-களுக்குப் பிறகு வந்த தாழ்வான செடான்கள்தான் நமக்குப் புதியவை. அவற்றை விட்டுவிட்டு மக்கள் மீண்டும் உயரத்துக்குப் போவதை நான் பழைய பழக்கத்துக்குத் திரும்புவதாகவே பார்க்கிறேன்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இது சிறிய விஷயம் அன்று. தாழ்வான காரில் உட்காருவது மணைப்பலகையில் உட்காருவதைப் போல. உட்கார்ந்துவிடலாம், எழுவதற்குத்தான் கை கொடுக்க ஆள் வேண்டும். உயரமான வண்டியின் இருக்கை திண்ணையைப் போன்றது, பின்பக்கத்தைச் சாய்த்தால் போதும். ஆனால் திண்ணையும் அளவோடு இருக்க வேண்டும். படி வைத்து ஏற வேண்டிய அளவுக்கு உயர்ந்த பெரிய எஸ்யூவிகள், புடவை கட்டிய எழுபது வயது ஆத்தாளுக்குத் தாழ்ந்த செடானைவிட அதிகத் தொல்லை தரும். இதை விற்பனைக்காரர் சொல்லமாட்டார்.

உயரத்துக்கு விலையும் உண்டு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போனால் அது ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. முன்பரப்பு அகன்ற வண்டிக்கு இந்தச் செலவு இன்னும் அதிகம். காரைக்குடியிலிருந்து திருச்சி, மதுரை விமான நிலையங்களுக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரத்தை அடிக்கடி ஓட்டுபவர்களுக்கு அதே எஞ்சினுள்ள செடான் பெட்ரோலை மிச்சப்படுத்தும், வளைவில் குலுங்காது, டிக்கி தனி அறையாக இருப்பதால் பின்னாலிருந்து வரும் சத்தமும் குறைவு. தெருவில் நடப்பவர்களின் நிலையையும் மறந்துவிடக் கூடாது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பானட் முனை 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் பாதசாரிகள் மீது மோதும்போது மரணம் நேரும் வாய்ப்பு, தாழ்ந்து சரிந்த முகப்புள்ள கார்களைவிட ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம். அவ்வளவு உயரம் அங்குள்ள பெரிய பிக்கப்புகளில்தான் அதிகம் என்றாலும், தைப்பூசத்துக்கு முன் விடியற்காலை இருட்டில் பழனிப் பாதயாத்திரைக் கூட்டம் சாலையோரம் நடக்கும் நம் பகுதியில் இந்த எண் என் நினைவில் நிற்கிறது.

மின்சாரக் கார் வந்தால் செடான் மீளுமா என்று சிலர் கேட்கிறார்கள். நம் காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதால் பேட்டரிப் பேச்சு இங்கே டீக்கடை வரை பழக்கம். பேட்டரிக் கட்டைத் தரைக்கு அடியில் பரப்பி வைக்கும்போது தளம் சற்று உயர்ந்துவிடுகிறது, அந்தத் தடிமனை மறைக்க உயரமான உடல் வசதி. ஒரு சார்ஜில் அதிகத் தூரம் போக வேண்டுமானால் தாழ்ந்த, காற்றை வழுக்கிச் செல்லும் உடல் வசதி. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. எது வெல்லும் என்பதைப் பேட்டரி எவ்வளவு மெலிகிறது என்பதே தீர்மானிக்கும்.

உங்கள் அப்பச்சியின் காரைப் பொறுத்தவரை, செடான் ஒழிந்துவிடும் என்று பயந்து விற்க வேண்டிய தேவை இல்லை. அந்த மாடல் நின்றுபோனதாகவே இருந்தாலும், அதிக எண்ணிக்கையில் விற்ற வண்டிக்கு உதிரிபாகங்கள் பல ஆண்டுகள் கிடைக்கும். ஃபோர்டு போன பிறகும் ஈகோஸ்போர்ட்டுகள் நம் தெருக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் மருத்துவமனைக்கும் போய்வர அந்தக் கார் தாராளமாகப் போதும். மாற்ற வேண்டிய காரணம் முழங்கால் வலி என்றால் மட்டும் மாற்றுங்கள். அப்படியானால் வாங்குமுன் இரண்டு வேலை செய்யுங்கள். ஆத்தாளை ஷோரூமுக்கு அழைத்துப்போய், விற்பனைக்காரர் கை கொடுக்காமல் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். பிறகு வீட்டுக்கு வந்து கார் செட்டின் வாசலை அளந்துகொள்ளுங்கள். எங்கள் ஐயா காலத்துச் செட்டின் கல்நிலை சரியாக ஏழு அடி. 1.66 மீட்டர் அகல அம்பாசடர் அதில் இருபக்கமும் சேர்த்து ஒன்றரை அடி இடம் விட்டு நுழைந்தது. 1.85 மீட்டர் அகலமுள்ள இன்னோவா ஹைகிராஸை என் மருமகன் கொண்டுவந்தபோது இருபக்கக் கண்ணாடியையும் மடித்தும் மனம் ஒப்பாமல் வேப்பமரத்தடியில் நிறுத்தினார். அந்த வண்டி இன்றுவரை அங்கேதான் நிற்கிறது.